பதிவில் 'பம்பாய்' என்று இருந்தால் அந்தக் கிளாத்தி பம்பாய்க் கடலில் பிடித்ததுதானா?

தாராவியிலிருந்து கல்லூரித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: பழைய அருங்காட்சியகப் பதிவில் சொரசொரத்த தோலுள்ள கடல்மீனான ஒரு சொரத்தோல் கிளாத்திக்கு, இடம் 'பம்பாய்' என்று மட்டும் இருக்கிறது, அது இங்கே வாழ்ந்த மீன்தானா?

அதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, தம்பி. விடியற்காலையில் ஒருமுறை சசூன் டாக் போய்ப் பாருங்கள். 1875இல் திறந்த மும்பைத் துறைமுகம் அது. இழுவைப் படகுகள் பல நாள் கடலில் சுற்றி, எங்கெங்கோ பிடித்ததை அங்கே வந்து கொட்டும். அந்தக் கூடையிலிருந்து மீன் வாங்கிப் புட்டியில் போட்டவர் 'பம்பாய்' என்று எழுதினால், அது கரைசேர்ந்த இடம், அவ்வளவுதான். அதனால் தேதி, சேகரித்தவர், வலை, ஆழம் எல்லாம் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். ஆழம் இருந்தாலே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும்.

பெயரிலும் கவனம் வேண்டும். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் 1758இல் பலிஸ்டெஸ் மோனோசெரோஸ் என்று பெயர் வைத்த சொரத்தோல் கிளாத்தி ஒன்று இன்று அலூட்டெரஸ் மோனோசெரோஸ். புட்டியிலுள்ள பழைய பெயர்ச் சீட்டைத் தூக்கி எறியாமல் புதுச் சீட்டையும் கூடவே வைப்பதுதான் நல்ல வழக்கம், இரண்டையும் படியுங்கள்.

சரி, அது சொரத்தோல் கிளாத்திதானா என்றே சந்தேகித்தால்? புட்டியைத் திறந்து பார்க்கலாம். ஃபார்மலினில் ஊறி ஆல்கஹாலுக்குப் போன மீனில் நிறம் வெளுத்திருக்கும். ஆனால் உப்புத்தாள் மாதிரி விரலில் உரசும் தோலும், கண்ணுக்கு மேலே நிற்கும் அந்த ஒற்றை முள்ளும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.