பிறந்த குழந்தைக்கு இ.இ.ஜி. அவசியமா? வலிப்பு என்றால் பார்த்தாலே தெரியாதா?

கேட்டவர் எழுதியிருப்பது: "குழந்தை பிறந்து ஐந்து நாள். தூங்கும்போது கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. டாக்டர் இ.இ.ஜி. எடுக்கச் சொல்கிறார். பச்சைப்பிள்ளை தலையில் கரண்ட் வைக்க மனம் வரவில்லை."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இ.இ.ஜி. எடுப்பதுதான் என் வேலை. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் என்னை "தலையில் கரண்ட் வைக்கிற தம்பி" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். ஐயா, நாங்கள் எதையும் வைப்பதில்லை. மூளையில் தானாக ஓடும் மின்துடிப்பைத்தான் இயந்திரம் எடுத்து வரைகிறது. ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகக் கூறு போட்டால் அதில் சில பத்துக் கூறுகள்தான் அந்தத் துடிப்பின் அளவு. ஸ்டெதஸ்கோப் வைப்பதால் இதயம் அடிப்பதில்லை, இதுவும் அப்படித்தான்.

"டெக்னீஷியனெல்லாம் வைத்தியம் சொல்ல வந்துவிட்டான்" என்று எழுதப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்கிறேன்: வரைபடத்தைப் படித்து முடிவு சொல்வது டாக்டர்தான். ஆனால் அந்தக் கோடுகள் ஓடும்போது குழந்தையின் பக்கத்தில் நிற்பவன் நான்.

உங்கள் குழந்தைக்கு வருவது தூக்கத்தில் மட்டும்தானா, எழுப்பினால் உடனே நின்றுவிடுகிறதா? அப்படியானால் அது கெடுதல் இல்லாத தூக்கத் துடிப்பாக இருக்கலாம். விழித்திருக்கும்போது கை நடுங்கி, நீங்கள் மெல்லப் பிடித்ததும் நின்றால், அதுவும் பெரும்பாலும் வெறும் நடுக்கம்தான். வலிப்பு என்றால், கையைப் பிடித்தாலும் நிற்காது. விரலுக்குள் அது துடித்துக்கொண்டே இருப்பது தெரியும். இதை வைத்து நீங்களே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். நடுக்கத்துக்கே சர்க்கரை குறைந்ததோ கால்சியம் குறைந்ததோ காரணமாக இருக்கக்கூடும். அதனால்தான் டாக்டர் முதல் வேலையாகக் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கிறார். அதற்கு இ.இ.ஜி. வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை.

"பார்த்தாலே தெரியாதா" என்கிறீர்களே, தெரியாது. என் கண் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த குழந்தை. பிறந்ததும் அழவில்லை, வெகுநேரம் கழித்துத்தான் அழுதது. அதற்குப் பிறகு அமைதியோ அமைதி. அப்பத்தாவுக்கு ஒரே பெருமை. "என் பேரன் சமத்து, ஊரைக் கூட்டுவதே இல்லை" என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வாயை மட்டும் சப்புக்கொட்டும், கண் ஒரு பக்கமாக நிலைத்து நிற்கும், காலைச் சைக்கிள் மிதிப்பது போல ஆட்டும். நர்ஸ் அக்கா ஒருவருக்கு அது உறுத்தியது. டாக்டரிடம் சொன்னார், என்னைக் கூப்பிட்டார்கள்.

மின்முனைகளை ஒட்டி முடித்துக் கொஞ்ச நேரத்திலேயே ஒரு பக்கத்துக் கோடுகள் ஒரே தாளத்தில் எழும்பத் தொடங்கின. மெல்ல வடிவம் மாறின, பக்கத்து இடங்களுக்குப் பரவின, பிறகு அடங்கின. சற்றுப் பொறுத்து மறுபடியும் வந்தன. தாத்தா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். பெரியவர்களுக்கு வருவது போல உடம்பு முழுவதும் முறுக்கி, நுரை தள்ளி வரும் வலிப்பு பிறந்த குழந்தைக்கு வருவதில்லை. அதற்கு வேண்டிய நரம்புப் பாதைகள் இன்னும் முதிரவில்லை. மூளையின் ஓர் இடத்தில்தான் தொடங்கும். பல நேரம் வெளியே ஒன்றுமே தெரியாது. முன்பெல்லாம் கை கால் அசைவைப் பார்த்தே வகை பிரித்தார்கள். வலிப்புக்கான உலக மருத்துவ அமைப்பு 2021இல் வெளியிட்ட வகைப்பாடு இ.இ.ஜி.யை நடுவில் வைத்துவிட்டது. கோட்டில் மட்டும் தெரியும் வலிப்புக்கும் அதில் இடம் உண்டு.

ஃபீனோபார்பிடால் என்கிற வலிப்பு மருந்தைப் போட்டார்கள். சப்புக்கொட்டுவது நின்றது. "சரியாகிவிட்டதே, கழற்றிவிடுங்கள் தம்பி" என்றார் குழந்தையின் அப்பா. திரையில் வலிப்பு ஓடிக்கொண்டேதான் இருந்தது. மருந்துக்குப் பிறகு அசைவு மட்டும் அடங்கி, மூளையில் அடங்காமல் இருப்பது அடிக்கடி நடப்பதுதான். டாக்டர் அடுத்த மருந்துக்குப் போனார், பிறகு திரையிலும் அடங்கியது. பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் குறைந்ததுதான் காரணம் என்றார். நிறைமாதக் குழந்தைகளுக்கு வலிப்பு வருவதில் அதுதான் முதல் காரணம். மூளையில் ரத்தக்கசிவு, அடைப்பு, தொற்று எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இதற்கெல்லாம் எனக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? "மிஷின் மாட்டிய பிறகுதான் பிள்ளைக்கு வலிப்பு வந்தது" என்று வாசலில் நின்று சத்தம். பார்க்க வந்த உறவினர் ஒருவர் என் சட்டையைப் பிடிக்கவே வந்துவிட்டார்.

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பக்கத்துப் படுக்கைக்காரர் செல்போன் சார்ஜரை மாட்டினால் அது என் கோடுகளில் வந்து ஏறிக்கொள்கிறது. பிளக்கில் எர்த் சரியில்லை, மாற்றுங்கள் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். எர்த் வரவில்லை. வரவேற்பறைக்கு மீன் தொட்டி வந்தது. விளக்கு போட்டு, குமிழி விட்டு, பிரமாதமாக இருக்கிறது. அதற்கு எர்த் இருக்கிறது, பார்த்துவிட்டேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் சொன்னபடி இ.இ.ஜி. எடுத்துவிடுங்கள். மறுபடி வெட்டினால் செல்போனில் வீடியோவாகப் படம் பிடியுங்கள். போர்வையை விலக்கி, முகமும் கை காலும் தெரியும்படி. வாயால் விவரிப்பதைவிட டாக்டருக்கு அது ஆயிரம் மடங்கு உதவும். நிறம் நீலமாக மாறினாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, படமும் வேண்டாம், இ.இ.ஜி. தேதியும் வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். மாந்தம், தோஷம் என்று யாராவது உரைமருந்தை நாக்கில் தடவ வந்தால் கையைத் தட்டிவிடுங்கள். பெரியவர்களை மதிக்கவில்லை என்று என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

எடுக்கும் அன்று குழந்தைக்குத் தலையில் எண்ணெய் வைக்காதீர்கள், பசை ஒட்டாது. பால் கொடுத்ததும் தானாகத் தூங்கிவிட்டால் போதும், மயக்க மருந்தெல்லாம் பொதுவாகத் தேவைப்படாது. ஓடிக்கொண்டிருக்கும்போது முதுகில் தட்டிக்கொடுக்காதீர்கள். அந்தத் தட்டல் கோட்டில் வலிப்பு போலவே ஒரே தாளத்தில் விழும். தட்டித்தான் ஆகவேண்டும் என்றால் பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தட்டுங்கள், அவர் குறித்துக்கொள்வார்.