காசு கொடுத்து வாங்கிய காய்ச்சல்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

தடுப்பூசி தயாரிக்கும் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் பற்றிய உங்கள் கட்டுரையின் கடைசியில், ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வயது 64. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மருத்துவர் வற்புறுத்தியதால் சென்ற நவம்பரில் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் சளி, காய்ச்சல், ஒரு வாரம் படுக்கை. "காசு கொடுத்துக் காய்ச்சல் வாங்கி வந்தவள்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் என் கணவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த ஆண்டும் போடவேண்டுமாம். ஃப்ளூ குளிர்நாட்டு நோய்தானே, நம் வெயிலுக்கு எதற்கு? ஆண்டுதோறும் போடச் சொல்வது கம்பெனிக்காரர்களின் தந்திரம் என்கிறான் என் தம்பி. பேரனின் தடுப்பூசி அட்டையில் ஐந்து நோய்களுக்கான ஊசியில், ஃப்ளூவின் முழுப்பெயரான இன்ஃப்ளுயன்ஸா ஏற்கெனவே இருக்கிறது. அவனுக்கும் தனியாக ஃப்ளூ ஊசி வேண்டும் என்கிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ம.செ.,
விருத்தாசலம்

அன்புள்ள ம.செ. அவர்களுக்கு,

நான் மருத்துவன் அல்லன். உங்கள் உடம்பைப் பற்றி உங்கள் மருத்துவர் சொல்வதே சரி. ஆனால் பேரனின் அட்டையைப் பார்த்து நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1892-ல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற ஆய்வாளர், ஃப்ளூ நோயாளிகளின் சளியில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு, இதுதான் ஃப்ளூவுக்குக் காரணம் என்று அறிவித்தார். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக்கிடம் பயின்றவர், உலகம் நம்பியது. 1918-ல் பெருங்கொள்ளையாக ஃப்ளூ பரவியபோது ஆய்வகங்கள் அந்தப் பாக்டீரியாவைத் தேடின. பலரிடம் அது இல்லை. 1933-ல்தான் லண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூவரும் ஃபெர்ரட் என்ற கீரி போன்ற சிறு விலங்குகளுக்கு நோயைத் தொற்றவைத்து, காரணம் ஒரு வைரஸ் என்று காட்டினார்கள். குற்றவாளி மாறிவிட்டான், ஆனால் பழைய பாக்டீரியாவின் மேல் பெயர் ஒட்டிக்கொண்டது. ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்ஸே. அதன் 'பி' வகை குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் தரக்கூடியது. அட்டையில் நீங்கள் பார்த்தது அதற்கான தடுப்பு. ஐந்து நோய்களுக்குமான அந்த ஊசியை அரசுத் திட்டத்தில் 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும். மிக நல்ல ஊசி. ஃப்ளூவுக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவு இல்லை. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பிழை உங்கள் பேரனின் அட்டைவரை வந்து நிற்கிறது.

பெயர்க் குழப்பம் ஃபைஃபரோடு முடியவில்லை. மூக்கு ஒழுகினால் ஃப்ளூ என்கிறோம், தொண்டை கரகரத்தாலும் ஃப்ளூ என்கிறோம். இவற்றில் பெரும்பாலானவை வேறு வைரஸ்களின் வேலை. உண்மையான ஃப்ளூ எனக்கு ஒருமுறை வந்திருக்கிறது. திண்டிவனத்தில் பஸ் ஏறும்போது ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போட்டேன். விழுப்புரத்தில் இறங்கும்போது கைப்பையைத் தூக்க முடியவில்லை. இடையில் ஒரு மணி நேரம்தான். சாதாரணச் சளி மெல்லத் திண்ணையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துவிட்டு உள்ளே வரும். ஃப்ளூ கதவை உடைத்துக்கொண்டு வருகிறது. அதன் பிறகு இரண்டு வாரம் எனக்கு மாடிப்படி ஏறுவதே மலையேற்றமாக இருந்தது.

இப்போது உங்கள் நவம்பர்க் காய்ச்சல். உங்களுக்குப் போட்டது அநேகமாகச் செயலிழக்கச் செய்த வைரஸின் துண்டுகள் கொண்ட ஊசி. பாம்பு உரித்துப்போட்ட சட்டையைக் காட்டி, இப்படி ஒன்று வந்தால் அடி என்று காவல்காரனைப் பழக்குவது போன்ற வேலை. சட்டை கடிக்காது. (உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து மூக்கில் தெளிக்கும் வகையும் உண்டு, அது உங்கள் வயதினருக்கானது அன்று.) மினசோட்டாவில் 1990களில் பாதிப்பேருக்கு ஃப்ளூ ஊசியும் பாதிப்பேருக்கு மருந்தில்லாத ஊசியும், எது யாருக்கு என்று அவர்களுக்குத் தெரியாமல் போட்டுப் பார்த்தார்கள். காய்ச்சலும் உடல்வலியும் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஊசி போட்ட கை வலித்தது மட்டும் ஃப்ளூ ஊசித் தரப்பில் அதிகம். சிலருக்கு ஓரிரு நாள் லேசான காய்ச்சல் வருவதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் மூக்கொழுகலோடு ஒரு வாரம் படுக்க வைப்பது அந்த ஊசியின் வேலை அன்று.

பின் என்ன நடந்தது? ஊசியின் பாதுகாப்பு உடம்பில் அமைய இரண்டு வாரமாவது ஆகும். ஃப்ளூ வைரஸோ தொற்றிய ஒன்று முதல் நான்கு நாளில் வெளிப்பட்டுவிடும். மூன்றாம் நாள் வந்ததென்றால், ஊசிக்காக வரிசையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து நாற்காலிக்காரர் இருமிக் கொடுத்ததாக இருக்கலாம். அல்லது ஃப்ளூவே அன்றி வெறும் சளியாக இருக்கலாம். அதற்கு இந்த ஊசி பொறுப்பேற்கவே இல்லை.

நவம்பர் என்பதையும் கவனிக்கவேண்டும். இந்தியாவில் ஃப்ளூ எல்லா ஊரிலும் ஒரே காலத்தில் ஏறுவதில்லை. ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை. டெல்லியிலும் புனேயிலும் ஜூலை முதல் செப்டம்பர் வரை. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபரை ஒட்டி. நீங்கள் வெள்ளம் வந்த பிறகு அணை கட்டப் போயிருக்கிறீர்கள். ஐப்பசி பிறப்பதற்குள் போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

குளிர்நாட்டு நோய் என்ற எண்ணத்துக்கும் நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. 1957-ல் உலகைச் சுற்றிய ஆசிய ஃப்ளூ, இந்தியாவுக்குள் நுழைந்த வாசல் சென்னைத் துறைமுகம். சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலில். மாதம் மே, அதாவது கத்திரி வெயில். அடுத்த பிப்ரவரிக்குள் நாட்டில் பதிவானவர்கள் மட்டும் 44 லட்சத்துக்கு மேல். குன்னூர்க் கட்டுரைக்காகப் படித்தபோது என் எண்ணத்தையும் மாற்றிக்கொள்ள வைத்த செய்தி அது.

உங்கள் தம்பியின் சந்தேகத்தை நான் முழுதாகத் தள்ளமாட்டேன். கம்பெனிகள் லாபத்துக்குத்தான் செய்கின்றன. விலையும் அதிகம், குழந்தைகளுக்கான அரசின் இலவசப் பட்டியலிலும் இந்த ஊசி இல்லை. இது எனக்கும் குறைதான். ஆனால் ஆண்டுதோறும் மாறுவது வைரஸின் குணம். ஒவ்வோர் ஆண்டும் புதுப் பஞ்சாங்கம் வாங்குகிறோமே, அதுபோல. உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்கும், வரப்போகும் வைரஸ்கள் எவை என்று கணித்துச் சொல்கிறது. தயாரிக்க மாதக்கணக்கில் ஆவதால் முன்கூட்டியே கணிக்கவேண்டியிருக்கிறது. பஞ்சாங்கம்போலவே இதுவும் பொய்க்கும். 2014-15 பருவத்தில் அமெரிக்காவில் ஊசியின் பலன் 19 சதவீதம்தான். நன்றாகப் பொருந்திய ஆண்டுகளிலும் 40 முதல் 60 சதவீதம். தம்பிக்கு இன்னொரு செய்தி: யமகாட்டா என்ற ஒரு பி வகை ஃப்ளூ வைரஸ் 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாக எங்கும் தென்படவில்லை. ஊசியில் அது இனி வேண்டாம், நான்கு வைரஸ்களை மூன்றாக்குங்கள் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. விற்பனைத் தந்திரமென்றால் சரக்கைக் குறைக்கச் சொல்வார்களா?

பாதிக்குப் பாதி பலனுள்ள ஊசி எதற்கு என்று கேட்பீர்கள். சர்க்கரை இல்லாத இருபது வயதுக்காரர் கேட்டால் நான் அவ்வளவு வாதாடமாட்டேன். உங்களுக்கு ஃப்ளூ என்பது காய்ச்சலோடு நிற்கும் விஷயம் அன்று. கனடாவின் ஒன்டாரியோவில் பார்த்து 2018-ல் வெளியிட்டார்கள்: ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற காலத்தைவிட ஆறு மடங்கு. ஊசி போட்டும் ஃப்ளூ வரலாம். வந்தாலும் ஆஸ்பத்திரிவரை போகும் வாய்ப்பு குறைகிறது. நான் காசு கொடுப்பது அதற்காக.

பேரனுக்கு ஆறு மாதம் முடிந்திருந்தால் அவனுக்கும் போடலாம். குழந்தை மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் கணவரின் வயதை நீங்கள் எழுதவில்லை. 65-ஐத் தாண்டியிருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கை இரண்டு நாள் வலிக்கும். உங்களுக்கு இடது கையிலும் அவருக்கு வலது கையிலும் போடச் சொல்லுங்கள். தண்ணீர்க் குடம் ஒன்றை இருவருமாகத் தூக்கிவிடலாம்.