மிரட்டி வாங்கிய இராஜினாமாக் கடிதம்: முகாமையாளருக்கு வழி உண்டா?

கேள்வி: ஐயா, திருகோணமலையில் ஒரு வாகன விற்பனை நிலையத்தில் ஏழு வருடம் வேலை செய்தேன். கடைசி மூன்று வருடமும் விற்பனை முகாமையாளர். எனக்குக் கீழே இருந்த ஒருவர் வாடிக்கையாளரிடம் ஐந்து இலட்சம் ரூபா முற்பணம் வாங்கி, பற்றுச்சீட்டு எழுதாமலே தலைமறைவாகிவிட்டார். "காசை நீ கட்டு, இல்லாட்டி பொலிஸ்" என்று இரவு எட்டு மணிவரை அறைக்குள் இருத்திவைத்து இராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மூன்று கிழமையாகிறது. நான்கு மாதக் கொமிஷனும் தரவில்லை. வேலைநீக்க முறைப்பாடுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கு மனேஜர்மார் போக ஏலாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மையில்லை. இந்தப் பொய்யை நம்பி வீட்டில் இருந்துவிட்டவர்கள் எத்தனையோ பேர். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் "வேலையாள்" என்றால் எந்தத் தகுதியிலும் சம்பளத்துக்கு ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்பவர். முகாமையாளரும் அதற்குள் அடக்கம்.

பலவந்தமாக வாங்கிய இராஜினாமா, சட்டத்தின் பார்வையில் வேலைநீக்கமே. ஆனால் பலவந்தம் நடந்தது என்று காட்ட வேண்டியவர் நீங்கள். அன்றிரவு "இன்னும் விடுகிறார்கள் இல்லை" என்று வீட்டுக்கு வட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தால் அதை அழித்துவிடாதீர்கள், அதுவே பெரிய சாட்சி. விருப்பத்தோடு விலகவில்லை, கடிதத்தை மீளப் பெறுகிறேன் என்று நாளைக்கே பதிவுத் தபாலில் எழுதுங்கள். தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். மூன்று கிழமை மௌனமாக இருந்ததே உங்களுக்கு எதிராகப் பேசப்படும், இனியும் தாமதிக்க வேண்டாம்.

ஐந்து இலட்சத்தைக் கட்டாதீர்கள். தவணையில் தருகிறேன் என்றும் எழுதிக் கொடுக்காதீர்கள், அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். நம்பி ஒப்படைத்த காசைக் கையாடும் குற்றமான நம்பிக்கை மோசடிக்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும். கீழே வேலை செய்தவர் திருடியதற்காக நீங்கள் குற்றவாளியாக மாட்டீர்கள். மேற்பார்வையில் கவனக்குறைவு இருந்ததா என்பது வேறு கேள்வி. அதை நிறுவனமே உங்களுக்குக் குற்றப்பத்திரம் தந்து, உள்ளக விசாரணை வைத்துக் கேட்டிருக்க வேண்டும். பொலிஸ் கூப்பிட்டால் ஒளிக்காமல், ஒரு சட்டத்தரணியோடு போங்கள்.

கொமிஷன் உழைத்த காசு. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறக்கும்வரை விற்பனை முகாமையாளர்கள் வெறும் அடிப்படைச் சம்பளத்தில் எப்படிக் காலம் தள்ளினார்கள் என்பதை நானும் கண்டவன். நியமனக் கடிதம், வாகனம் கையளித்த பத்திரங்கள், முன்பு கொமிஷன் விழுந்த வங்கிக் கூற்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தொழில் அலுவலகத்தில் முறையிடுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்டும் 12 வீதம் கொமிஷனுக்கும் சேர்த்துக் கட்டப்பட்டதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பல இடங்களில் அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டுமே கட்டுகிறார்கள்.

நிறுவனத்தில் 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்திருந்தால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, வேலை முடியும்போது முதலாளி தரவேண்டிய பணிக்கொடையும் உண்டு: வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், ஏழு வருடத்துக்கு மூன்றரை மாதம். இராஜினாமா செய்தாலும் அது இல்லாமல் போகாது.

தொழில் நியாய சபைக்கு வேலை போன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். "பேசித் தீர்ப்போம்" என்று நிறுவனம் கூப்பிட்டால் போய்ப் பேசுங்கள், அதற்காக விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு இருக்கிறது என்பதற்காக இந்த ஆறு மாதம் நின்று காத்திருக்காது.