மேடைக்குப் பின்னால் ஒரு நாற்காலி

கேள்வி: பழைய பிரெஞ்சு இசை நகைச்சுவைப் படங்களில் ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் எதைப் பார்க்கலாம்?

ழான் ரெனுவார் இயக்கி 1955-இல் வந்த 'பிரெஞ்சு கான்கான்'. எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

கதை எளிமையானது. கடனில் தத்தளிக்கும் கேளிக்கை அரங்கு முதலாளி தாங்லார், பெண்கள் காலை உயரத் தூக்கி ஆடும், வழக்கொழிந்துபோன கான்கான் ஆட்டத்தைத் தூசிதட்டி எடுத்து, பாரிஸின் மொன்மார்த்ர் குன்றடியில் மூலான் ரூஜ் அரங்கைக் கட்டுகிறான். சலவைக்கடையில் வேலை பார்க்கும் நினியை ஆட்டக்காரி ஆக்குகிறான். மூலான் ரூஜ் உண்மையில் 1889-இல் திறக்கப்பட்ட அரங்கம்தான். ஆனால் தாங்லாரும் நினியும் கற்பனை.

ரெனுவார் 1940-இல் பிரான்ஸை விட்டுப் போனவர். ஹாலிவுட், பிறகு வங்காளம். அங்கே எடுத்த 'தி ரிவர்' படத்தில் பின்னாளில் நம் அடையாற்றுத் தியசாபிகல் சொசைட்டியின் தலைவரான ராதா பர்னியர் ஆடியிருப்பார். அத்தனை வருடம் கழித்து சொந்த நாட்டில் எடுத்த படம் இது. இவருடைய அப்பா ஓவியர் ரெனுவார், 1876-இல் இதே குன்றில் நடந்த ஞாயிற்றுக்கிழமை நடனத்தை வரைந்தவர். மகன் அந்தத் தெருக்களை ஸ்டுடியோவில் செட் போட்டு எடுத்தார். நிறங்களைப் பார்த்தாலே அப்பாவின் ஞாபகம் வரும்.

படத்தின் உயிர் திறப்பு விழா இரவில் இருக்கிறது. கூட்டம் காத்திருக்கிறது. தாங்லாரின் மனம் வேறொருத்தி பக்கம் சாய்ந்துவிட்டதைப் பார்த்த நினி, ஆடமாட்டேன் என்று அறைக்குள் உட்கார்ந்துகொள்கிறாள். அவன் சமாதானம் பேசுவதில்லை, வெடிக்கிறான். தன்னைக் கூண்டில் அடைக்க யாராலும் முடியாது, தனக்கு முக்கியம் தான் உருவாக்கும் ஆட்டம்தான் என்கிறான். காதலனாக அவன் செய்வது அநியாயம், எனக்கு இன்றும் கோபம் வரும். ஆனாலும் நினி எழுந்து போகிறாள். அவனுக்காகப் போகவில்லை, ஆட்டக்காரி ஆகிவிட்டதால் போகிறாள். நினியாக வரும் பிரான்சுவாஸ் அர்னூலின் முகத்தில் அது தெரியும்.

அப்புறம் அந்தக் கான்கான். நாலா பக்கமிருந்தும் பெண்கள் கூட்டத்துக்கு நடுவே பாய்கிறார்கள். பாவாடைகள் சுழல்கின்றன, மூச்சு விட நேரமில்லை. தாங்லாராக வரும் ழான் கபேன் முதலில் அதைப் பார்க்கவில்லை. மேடைக்குப் பின்னால் நாற்காலியில் தனியாக உட்கார்ந்து, இசையையும் கூச்சலையும் கேட்கிறார். கால் மட்டும் தாளத்துக்கு ஆடுகிறது.