அவுட்லுக்கில் பழைய மெயில் கிடைக்கவில்லையா? அதற்காக ஃபார்மட் போட வேண்டாம்

கேள்வி: கரூரில் வீட்டு உபயோகத் துணிகள் ஏற்றுமதி செய்யும் சிறிய கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். 2020ல் ஒரு பையர் விலையைக் குறைக்கச் சொல்லி அனுப்பிய மெயிலை ஆடிட்டர் இப்போது கேட்கிறார். அவுட்லுக்கில் பையர் பெயரைப் போட்டுத் தேடினாலும், இன்வாய்ஸ் நம்பரைப் போட்டாலும் வரவில்லை. போன வாரம் வந்த மெயில்கூடச் சில நேரம்தான் வருகிறது. போன வருடம் புது கம்ப்யூட்டர் வாங்கியபோது சர்வீஸ்காரர்தான் மெயிலையெல்லாம் மாற்றிக் கொடுத்தார். பிறகு ஒருமுறை சிஸ்டம் மெதுவாக இருக்கிறது என்று சொன்னதும் ஏதோ செய்து வேகமாக்கினார். இப்போது கேட்டால், "மெயில் ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு, ஃபார்மட் போட்டு, ரெக்கவரி சாஃப்ட்வேர் வாங்கணும், ஆறாயிரம் ஆகும்" என்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, கரூர்

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள். அதைவிட முக்கியம், ஃபார்மட் போட விடாதீர்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மெயில் ஃபைல் கெட்டிருப்பதாகத் தோன்றவில்லை. ஃபைல் கெட்டால் அவுட்லுக் திறக்க அடம்பிடிக்கும், அல்லது மெயிலைக் கிளிக் செய்யும்போது பிழைச் செய்தி காட்டும். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. தேடினால் வரவில்லை, அவ்வளவுதான். இது வேறு நோய்.

நீங்கள் சர்ச் பெட்டியில் ஒரு பெயரைப் போட்டதும் அவுட்லுக் ஒவ்வொரு மெயிலாகத் திறந்து பார்ப்பதில்லை. விண்டோஸ் முன்கூட்டியே எல்லா மெயிலையும் படித்து, எந்த வார்த்தை எந்த மெயிலில் இருக்கிறது என்று ஒரு இன்டெக்ஸ் எழுதி வைத்திருக்கும். தேடல் அந்த இன்டெக்ஸில்தான் நடக்கிறது. வில்லங்கச் சான்றில் வரவில்லை என்பதற்காகப் பத்திரமே இல்லை என்று ஆகிவிடாது அல்லவா, அதுபோலத்தான். மெயில் ஃபோல்டரில் பத்திரமாக இருக்கலாம். இன்டெக்ஸில் ஏறாமல் போயிருக்கலாம்.

ஆகவே முதல் வேலை, தேடாமல் பார்ப்பது. இன்பாக்ஸைத் திறந்து, பட்டியலை 'ஃப்ரம்' என்பதன்படி வரிசைப்படுத்துங்கள். பையர் பெயர் இருக்கும் இடம் வரை உருட்டிக்கொண்டே போங்கள். பட்டியலுக்கு மேலே 'ஆல்', 'அன்ரெட்' என்று இரண்டு இருக்கும். 'அன்ரெட்'டில் மாட்டியிருந்தால் படித்த மெயில் எதுவும் தெரியாது, அதை மாற்றிவிடுங்கள். இன்பாக்ஸில் இல்லாவிட்டால் 'சென்ட் ஐட்டம்ஸ்' போய், அந்தப் பையருக்கு நீங்கள் போட்ட பதில்களைத் திறந்து கீழே பாருங்கள். அவர் எழுதியது பெரும்பாலும் உங்கள் பதிலுக்கு அடியிலேயே ஒட்டிக்கொண்டு இருக்கும். அவசரத்துக்கு ஆடிட்டருக்கு இதையே காட்டலாம்.

2020ஆம் வருட மெயில்கள் கண்ணுக்குத் தெரிகின்றனவா? அப்படியானால் கோளாறு தேடலில். ஒரு மெயில்கூடத் தெரியவில்லையா? அப்படியானால் அந்த மெயில்கள் உள்ள ஃபைலே இந்த அவுட்லுக்கில் இணைக்கப்படாமல் இருக்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தேடலைப் பார்ப்போம். "ஏதோ செய்து வேகமாக்கினார்" என்று எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் அங்கேதான். சிஸ்டம் மெதுவாக இருக்கிறது என்று கூப்பிட்டால் பல சர்வீஸ்காரர்கள் செய்யும் முதல் காரியம், பின்னணியில் ஓடும் 'விண்டோஸ் சர்ச்' என்ற சர்வீஸை நிறுத்திவிடுவது. அது டிஸ்க்கைத் தின்கிறது என்று யாரோ ஒரு யூடியூப் வீடியோவில் சொல்லியிருப்பார். நிறுத்தியதும் சிஸ்டம் கொஞ்சம் துள்ளும், வாடிக்கையாளருக்கும் சந்தோஷம். ஆனால் இன்டெக்ஸ் எழுதுவது அந்த சர்வீஸ்தான். அது நின்ற பிறகு அவுட்லுக் தன்னிடம் உள்ள பழைய, மந்தமான தேடலை வைத்துக்கொண்டு தடுமாறும். வரும், வராது, பாதி வரும். பல வெர்ஷன்களில் 'விண்டோஸ் சர்ச் நிறுத்தப்பட்டிருக்கிறது, தேடல் பாதிக்கப்படும்' என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு செய்தியும் காட்டும். அதை யாரும் படிப்பதில்லை, 'ஓகே' அழுத்திவிட்டுப் போய்விடுகிறோம்.

ஸ்டார்ட்டை அழுத்தி 'சர்வீசஸ்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். நீளமான பட்டியல் வரும், அதில் கடைசிப் பக்கம் 'விண்டோஸ் சர்ச்' இருக்கும். அதை டபுள் கிளிக் செய்தால் 'ஸ்டார்ட்டப் டைப்' தெரியும். 'டிசேபிள்டு' என்று இருந்தால் ஆளைப் பிடித்துவிட்டோம். அதை 'ஆட்டோமேட்டிக் (டிலேய்டு ஸ்டார்ட்)' என்று மாற்றி, 'அப்ளை' அழுத்தி, 'ஸ்டார்ட்' அழுத்துங்கள். மாற்ற விடவில்லை என்றால் அந்த கம்ப்யூட்டரின் அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். அது சர்வீஸ்காரரிடம் மட்டும் இருக்கிறது என்றால், முதலில் அதை வாங்கி முதலாளியிடம் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்து கன்ட்ரோல் பேனலில் 'இன்டெக்சிங் ஆப்ஷன்ஸ்' திறந்து, 'மாடிஃபை'யில் 'மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்' பக்கத்தில் டிக் இருக்கிறதா பாருங்கள். பிறகு 'அட்வான்ஸ்டு' போய் 'ரீபில்டு' கொடுங்கள். ஒரே ஒரு முறை கொடுங்கள். சிலர் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தேடிப் பார்த்து, வரவில்லை என்று மறுபடி 'ரீபில்டு' கொடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் எழுதியதெல்லாம் அழிந்து முதலிலிருந்து ஆரம்பிக்கும். சாயங்காலம் கிளம்பும்போது கொடுத்துவிட்டு, சிஸ்டம் தூங்கிவிடாமல் அமைத்து, அவுட்லுக்கைத் திறந்தே வைத்துவிட்டுப் போங்கள். நீங்கள் வேலை செய்துகொண்டிருந்தால் விண்டோஸ் மரியாதைக்கு ஒதுங்கிப்போய் மெதுவாகத்தான் எழுதும். காலையில் வந்து அவுட்லுக் சர்ச் பெட்டிக்குள் கிளிக் செய்து, 'சர்ச் டூல்ஸ்', 'இன்டெக்சிங் ஸ்டேட்டஸ்' பாருங்கள். இன்னும் எத்தனை பாக்கி என்று சொல்லும். அது 0 ஆகும்வரை தேடிப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அந்த 'சர்ச் டூல்ஸ்' உங்கள் வெர்ஷனில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. சிலவற்றில் மேலே பட்டனாக இருக்கும், சிலவற்றில் மூன்று புள்ளிக்குள் இருக்கும். அவுட்லுக் என்ற ஒரே பெயரில் பழையது, 'நியூ', பிரவுசரில் திறப்பது என்று மூன்று சரக்கு விற்கிறார்கள். ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லை. வலது மேல் மூலையில் 'நியூ அவுட்லுக்' என்ற சுவிட்சைத் தெரியாமல் தட்டியிருந்தால் பழையதற்கே திரும்பி வந்துவிடுங்கள். பழைய மெயில் ஃபைல்களைக் கையாளும் வசதி புதியதில் முழுமையாக இல்லை. ஜிஎஸ்டி சட்டம் கணக்கு ஆவணங்களை, ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேர், போன வாரத்து மெயிலைத் தேடிக் கொடுக்கத் திணறுகிறது. இடையில் அடி வாங்குவது உங்களைப் போன்றவர்கள்.

சரி, இன்டெக்ஸ் முடிந்தது, அப்புறமும் வரவில்லை என்றால்? சர்ச் பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்னப் பட்டியல் இருக்கும். 'கரன்ட் ஃபோல்டர்', 'கரன்ட் மெயில்பாக்ஸ்' என்று இருந்தால் 'ஆல் அவுட்லுக் ஐட்டம்ஸ்' என்று மாற்றுங்கள். பழைய மெயில்களைச் சர்வீஸ்காரர் தனி ஃபைலாக இணைத்திருந்தால், 'கரன்ட் மெயில்பாக்ஸ்' அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. தேடிக் கிடைத்த மெயில்களின் அடியில் 'மோர்' என்று இருந்தால் அதையும் அழுத்துங்கள். பழைய மெயில்களை அதற்குக் கீழேதான் மறைத்து வைத்திருப்பார்கள்.

இன்னொரு விஷயம். இது சிறியதுதான், ஆனால் ஏற்றுமதிக் கம்பெனிகளில் பாதிப் பேர் இதில் தடுக்கி விழுவதால் விரிவாகச் சொல்கிறேன். இந்தத் தேடல் வார்த்தையின் ஆரம்பத்தை வைத்துத்தான் தேடும். நடுவிலிருந்து தேடாது. உங்கள் இன்வாய்ஸ் நம்பர் 'கேஹெச்டி4417' என்று சேர்த்து எழுதப்பட்டிருந்தால், நீங்கள் வெறும் 4417 என்று போட்டால் வராது. 'கேஹெச்டி44' என்று போட்டால் வரும். அதுவே 'கேஹெச்டி' என்று எழுதி, இடம் விட்டோ சாய்கோடு போட்டோ 4417 எழுதியிருந்தால் 4417 மட்டும் போட்டாலும் வரும். நீங்கள் எழுதும் பாணி ஒன்று, பையர் எழுதும் பாணி வேறொன்று. உங்கள் இன்வாய்ஸில் சாய்கோடு இருக்கும். அவர் மெயிலில் சேர்த்து அடித்திருப்பார். இரண்டு மாதிரியும் போட்டுப் பாருங்கள்.

பெயரிலும் இதே வம்பு. பையர் கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேடுகிறீர்கள். மெயில் அனுப்பியவர், பையர் சார்பில் சென்னையிலோ டெல்லியிலோ இயங்கும் பையிங் ஹவுஸில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருப்பார். அவர் மெயிலில் பையர் கம்பெனியின் முழுப் பெயர் எங்குமே இருக்காது, சுருக்கமாக மூன்றெழுத்து போட்டிருப்பார். நீங்கள் 'டிஸ்கவுன்ட்' என்று தேடுவீர்கள். அவர் 'அலவன்ஸ்' என்றோ 'டெபிட் நோட்' என்றோ எழுதியிருப்பார். அந்த ஆர்டரை 2020ல் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று உங்கள் ஆபீஸில் கேட்டு, அந்த மெர்ச்சண்டைசர் பெயரைத் தெரிந்துகொண்டு தேடுங்கள். விஷயம் ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் இருந்தால், அதற்குள் இருக்கும் எழுத்து தேடலுக்குத் தெரியாது. அது வெறும் படம்.

இப்போது அந்த இரண்டாவது நிலை: 2020 மெயில்களே கண்ணுக்குத் தெரியவில்லை. 'ஃபைல்', 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்', 'டேட்டா ஃபைல்ஸ்' போனால் அவுட்லுக் எந்தெந்த ஃபைல்களைத் திறந்து வைத்திருக்கிறது, அவை எந்த டிரைவில் இருக்கின்றன என்று தெரியும். பழைய மெயில்கள் பெரும்பாலும் பிஎஸ்டி (.pst) என்று முடியும் ஃபைலில் இருக்கும். 'ஆட்டோ ஆர்கைவ்' ஓடியிருந்தால் பழையவை 'ஆர்கைவ்' என்ற தனி ஃபைலுக்குப் போயிருக்கும். சர்வீஸ்காரர் ஒன்றைக் கொண்டுவந்து இன்னொன்றை விட்டிருக்கலாம். கம்ப்யூட்டர் முழுக்க பிஎஸ்டி ஃபைல்களைத் தேடுங்கள். பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் எங்கே என்று கேளுங்கள். எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டீர்கள் என்றால் கடைக்காரரிடம் உடனே போன் போடுங்கள். ஃபைல் கிடைத்தால், அவுட்லுக்கை மூடிவிட்டு அதை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்த பிறகு, 'ஓப்பன் அண்ட் எக்ஸ்போர்ட்' வழியாகத் திறந்தால் போதும்.

ஃபார்மட்டை ஏன் இவ்வளவு திட்டுகிறேன் என்றால், அந்த பிஎஸ்டி வழக்கமாக உட்கார்ந்திருக்கும் இடம் சி டிரைவில் 'டாக்குமென்ட்ஸ்', அதற்குள் 'அவுட்லுக் ஃபைல்ஸ்'. ஃபார்மட் போட்டால் முதலில் போவது அதுதான். "சர்வரில் இருக்குமே, திரும்ப இறங்கிடும்" என்பார்கள். உங்கள் கம்பெனி மெயில் பாப் (POP) முறையில், அதாவது மெயிலைச் சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கி வைத்துக்கொள்ளும் முறையில் போட்டிருந்தால் இறங்காது. அதில் '14 நாள் கழித்து சர்வரிலிருந்து நீக்கு' என்ற டிக் பெரும்பாலும் போட்டபடியே இருக்கும். அப்படி இருந்தால் 2020 மெயில் சர்வரிலிருந்து அப்போதே போய்விட்டது. உலகத்தில் இருக்கும் உங்கள் பிரதி அந்த ஒரு ஃபைல்தான்.

ரெக்கவரி சாஃப்ட்வேர் வியாபாரமும் அப்படித்தான். இலவச டெமோவை ஓட்டி, உங்கள் மெயில்களை வரிசையாகக் காட்டுவார்கள். "பாருங்க, எல்லாம் கிடைச்சிருச்சு, சேமிக்க மட்டும் பணம்" என்பார்கள். காணாமல் போகாததைத்தான் கண்டுபிடித்துக் கொடுக்கிறார்கள். உண்மையாகவே ஃபைல் பழுதானால் ஆபீஸோடு சேர்ந்தே 'ஸ்கேன்பிஎஸ்டி' என்ற கருவி வருகிறது. 'ப்ரோக்ராம் ஃபைல்ஸ்', 'மைக்ரோசாஃப்ட் ஆபீஸ்', 'ரூட்', 'ஆபீஸ்16' ஃபோல்டரில் இருக்கும். காசு கிடையாது. அவுட்லுக்கை மூடி, காப்பி எடுத்து வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். கூகுளில் 'அவுட்லுக் சப்போர்ட் நம்பர்' தேடி வரும் எண்ணுக்கு மட்டும் போன் செய்து தொலைக்காதீர்கள். ஏதாவது ஆப்பைப் போடச் சொல்லி, உங்கள் ஸ்கிரீனை அவர் பார்த்துக்கொண்டே பேங்க் பக்கம் போவார். ஏற்கெனவே பணம் போயிருந்தால், சைபர் குற்றப் புகாருக்கான உதவி எண் 1930.

ஜிமெயிலைப் பிரவுசரில் பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. அங்கே ஸ்பாமும் டிராஷும் சாதாரணத் தேடலில் வராது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். டிராஷில் போட்டது 30 நாளில் அழிந்துவிடும்.

மெயில் கிடைத்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் ஆடிட்டருக்குத் தட்டிவிடாதீர்கள். 'சேவ் ஆஸ்' கொடுத்து 'அவுட்லுக் மெசேஜ்' வடிவத்தில் சேமித்து, அந்த வருடக் கணக்கு ஃபோல்டரிலேயே போட்டு, அந்த ஃபைலை அனுப்புங்கள். அனுப்பியவர், தேதி, நேரம், இணைப்பு எல்லாம் அதிலேயே இருக்கும். எங்குமே கிடைக்கவில்லை என்றால் பையிங் ஹவுஸுக்கு இன்வாய்ஸ் நம்பரையும் மாதத்தையும் குறிப்பிட்டு ஒரு மெயில் போடுங்கள், அவர்களிடம் இருப்பதை ஃபார்வர்டு செய்யச் சொல்லி.