மண் ஈரப்பதம் பார்க்க நாலைந்து வருடம் தாங்குகிற சென்சார் எது?

தென்னந்தோப்பில் சொட்டுநீருக்காகப் புதைத்துவிட்டு, வருடக்கணக்கில் எடுக்காமல் வைக்க எந்த சென்சார் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடுமலைப் பக்கம் பாதி செம்மண், பாதி கரிசல். பட்டதைச் சொல்கிறேன்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் இரண்டு கால் சென்சாரை வாங்காதீர்கள். நான் ஆறு வாங்கினேன். ஈர மண்ணில் நேர்மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால் மின்னாற்பகுப்பு நடந்து உலோகம் கரையும். இரண்டாவது மாதம் பிடுங்கிப் பார்த்தால் ஒரு கால் பச்சைக் களிம்பு பிடித்துப் பாதிதான் மிச்சம். அதற்கு முன்பே, உரம் விட்ட அன்றெல்லாம் மண் நனைந்துவிட்டதாகக் காட்டிக்கொண்டிருந்தது. அது மின்தடையை வைத்துத்தான் ஈரத்தைக் கணிக்கும்; உப்பு கூடினால் மின்தடை இறங்கும், அவ்வளவுதான்.

கெபாசிட்டிவ் வகையில், அதாவது மின்தேக்குத் திறனை வைத்து ஈரத்தைக் கணிக்கும் சென்சாரில், உலோகம் மண்ணைத் தொடாது. ஆனால் மலிவான பலகைகளின் வெட்டு ஓரத்தில் பூச்சு இருக்காது, அது வழியாக ஈரம் ஏறி அளவு நகர்ந்துகொண்டே போகும். தொட்டிச் செடிக்குப் போதும். எபாக்ஸியில் வார்த்த ஆய்வுத்தர சென்சார்கள் நன்றாகவே உழைக்கும், விலைதான் தோப்புக்குக் கட்டாது.

என் தேர்வு வாட்டர்மார்க் வகை, அதாவது உள்ளே நிரப்பிய துகள்களின் மின்தடையை அளக்கும் சென்சார். இது ஈரத்தின் சதவீதத்தைச் சொல்லாது. வேர் எவ்வளவு சிரமப்பட்டு நீரை இழுக்க வேண்டும் என்பதைக் கிலோபாஸ்கல் என்ற அழுத்த அலகில் சொல்லும். எனக்கு அதுதான் வேண்டும். மணலில் 25 சதவீதம் என்றால் சொதசொத. கனத்த கரிசலில் அதே 25-ல் பயிர் வாடத் தொடங்கும். சென்சாரில் 10 கிலோபாஸ்கலுக்குக் கீழே நல்ல ஈரம். பொதுவாக 30 முதல் 60-க்குள் தண்ணீர் விடுவார்கள், களிமண்ணில் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். உள்ளே ஜிப்சம் இருப்பதால் உப்பின் தொல்லை ஓரளவு குறையும். அர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் இணைத்தால் மாறுமின்சாரம்தான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பழைய கதைதான். உங்களுடையது சுத்த மணல் என்றால் டென்சியோமீட்டர் (இதே இழுவிசையை அளக்கும், தண்ணீர் நிரப்பிய குழாய்) மேல். ஆனால் 80 கிலோபாஸ்கலைத் தாண்டினால் காற்று புகுந்துவிடும், அடிக்கடி தண்ணீர் நிரப்ப வேண்டும்.

சரி, எதை வாங்கினாலும் புதைப்பதில்தான் விஷயம். சென்சாரை ராத்திரி முழுக்க ஊறவைத்து, காயவிட்டு, இப்படி இரண்டு மூன்று தடவை செய்து, ஈரமாகவே இறக்குங்கள். துளையில் எடுத்த மண்ணையே சேறாகக் கரைத்து ஊற்றிவிட்டு அதில் அழுத்துங்கள். காற்று இடைவெளி இருந்தால் மண் எப்போதும் காய்ந்ததாகவே காட்டும். கரிசல் கோடையில் வெடிக்கும்போது வெடிப்பு சென்சார் பக்கமாகவே போய்த் தொலையும். அதனால் அந்தப் பாதியில் சொட்டுவாய்க்குச் சற்று அருகே, ஒரு சாண் தள்ளி வைத்தேன்.

எனக்குச் சென்சாரைவிட வயர்தான் அதிகம் செத்தது. எலி கடிக்கும், களை வெட்டுகிறவர்கள் வெட்டிவிடுவார்கள். பிவிசி குழாய்க்குள் விடுங்கள், இணைப்பை மண்ணுக்குள் வைக்காதீர்கள். மரத்துக்கு 30, 60 சென்டிமீட்டர் என்று இரண்டு ஆழம். எது எந்த ஆழம் என்று மார்க்கரில் எழுதியது ஒரே கோடையில் வெளுத்துப்போய், ஒன்றைத் தோண்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. இப்போது வயரில் ஒரு முடிச்சு என்றால் 30, இரண்டு முடிச்சு என்றால் 60.