காப்பித் தோட்டத்து ஓரம் களைக்கொல்லி அடித்தால் காட்டுத்தீ நிற்குமா?

கேள்வி: ஐயா, கீழ்ப்பழனி மலையில் எங்களுக்கு நாலு ஏக்கர். காப்பி, மிளகு, கொஞ்சம் மலைவாழை, இரண்டு மாடு. வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை பார்க்கிறார், தோட்டம் என் பொறுப்பு. போன மாசியில் தீ வந்து ஓரத்து அரை ஏக்கர் கருகிவிட்டது. மேலே காப்புக்காடு என்பதால் இந்த வருஷமும் பயமாக இருக்கிறது. தையில் ஒரு தடவை, மாசியில் ஒரு தடவை ஓரம் முழுக்கக் களைக்கொல்லி அடித்தால் புல்லே இருக்காது, தீ அண்டாது என்கிறார் மருந்துக் கடைக்காரர். டேங்குக்கு எத்தனை மில்லி ஊற்ற வேண்டும்? கருகிய செடிகளில் பாதி அடியில் துளிர்த்திருக்கின்றன, மீதி மொட்டையாக நிற்கின்றன. அதற்கு ஒரு டானிக்கும் கொடுத்திருக்கிறார். அடிக்கலாமா? (பண்ணைக்காடு பக்கத்திலிருந்து ஒரு விவசாயி)

பதில்: அம்மா, எத்தனை மில்லி என்று நான் சொல்லப் போவதில்லை. அடிக்கவே வேண்டாம்.

களைக்கொல்லி புல்லைக் கொல்லும், அங்கிருந்து எடுத்துப் போகாது. தை மாதத்தில் மலைப்புல் மேலே மஞ்சளாகத் தெரிந்தாலும் தூரில் கையை விட்டுப் பாருங்கள், ஈரம் இருக்கும். மருந்து அடித்த புல் வேரோடு செத்து, நின்ற வாக்கிலேயே காயும். பதினைந்து இருபது நாள் கழித்து ஒரு கைப்பிடி பிடித்து வளைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். செத்த புல் படுத்துக் கிடந்தாலாவது தரையின் ஈரம் கொஞ்சம் ஏறும். நின்று காய்ந்த புல்லில் தாளுக்குத் தாள் காற்றோட்டம் இருக்கிறது. மாசிக் காற்றில் ஒரு பொறி போதும். அதாவது காசு கொடுத்து, முதுகில் டேங்கைச் சுமந்து, சரியாகத் தீ வரும் மாதத்துக்கு உங்கள் வேலியோரத்தில் நீங்களே விறகு தயார் செய்கிறீர்கள்.

களைக்கொல்லியைத் தீத்தடுப்பு மருந்தாக விற்பது கொஞ்ச காலமாக மலையில் நடக்கிறது. விற்பவருக்குத் தோட்டமும் தெரியாது, தீயும் தெரியாது. கம்பெனி இலக்கு மட்டும் தெரியும். அவர் கொடுப்பது கிளைபோசேட் என்றால், பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தார் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2022 அக்டோபரிலேயே மத்திய அரசு ஆணை போட்டது. கடையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். பாராகுவாட் என்றால் இன்னும் மோசம். புல் இரண்டே நாளில் சருகாகும், தப்பித் தவறி வாய்க்குள் போனால் அதற்கு மாற்று மருந்தே கிடையாது. குடிக்கிற ஓடைக்கு மேலே இருக்கிற சரிவில் இதையெல்லாம் தெளிக்கலாமா?

செய்ய வேண்டியது பழைய வேலைதான். பொங்கலுக்கு முன்னால், புல்லில் பசுமை இருக்கும்போதே, அரிவாளால் தரையோடு அறுங்கள். அறுத்ததை அங்கேயே போடாமல் மாட்டுக்குக் கொண்டு போங்கள். மிச்சத்தைத் தோட்டத்துக்குள் நிழல் அடர்ந்த இடத்தில் காப்பித் தூருக்குப் பரப்புங்கள். அப்புறம் மண்வெட்டியால் வெறும் மண் தெரியும்படி சுரண்ட வேண்டும். புல் ஆள் உயரம் என்றால் 15 அடி அகலமாவது வேண்டும், செங்குத்துச் சரிவில் 20 அடி. நடுவில் ஒரு உண்ணிச்செடிப் புதரைக்கூட விடாதீர்கள். அது பச்சையாக இருக்கும்போதே எரியும். துளிர்த்து வரும் புல்லுக்கு உங்கள் இரண்டு மாடுகள் போதும். முளைக்குச்சியை நாளுக்கு நாள் நகர்த்தி, அந்தக் கோட்டிலேயே கட்டி மேய விடுங்கள்.

காப்பிப் பழம் பறிக்கிற நேரம், கூலிக்கு ஆள் கிடைக்காது என்பீர்கள். தெரியும். அந்த ஆள் பஞ்சத்தை வைத்துத்தான் டப்பா விற்பனையாகிறது. நாலு பக்கமும் முடியாவிட்டால் ஒரு பக்கத்தை மட்டும் முதலில் முடியுங்கள். எந்தப் பக்கம் என்பதுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

மேலே காப்புக்காடு என்று பயப்படுகிறீர்கள். கீழே என்ன இருக்கிறது என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. தீ மேட்டை நோக்கித்தான் ஓடும். சரிவு 10 டிகிரி கூடினால் அதன் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஜுவாலை மேலே சாய்ந்து, அடுத்த புல்லைத் தொடுவதற்கு முன்பே காய வைத்துவிடும். பகலில் மலைக்காற்றும் பள்ளத்திலிருந்து மேலே ஏறும், இருட்டிய பிறகுதான் இறங்கும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்களைப் பிடித்தது, காய்ந்த புல் சரிவில் மேல்நோக்கி ஏறிய தீதான். 23 உயிர் போயிற்று. காட்டிலிருந்து இறங்கும் தீ பெரும்பாலும் மெதுவாக வரும், பச்சைக் கிளையால் அடித்தே அணைத்துவிடலாம். அதனால் உங்கள் கீழ் எல்லைக்குத்தான் முதல் அரிவாள்.

அங்கே யார் நிலம்? மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கிற ஒருவர் வாங்கிப் போட்டு, ஆரஞ்சு பட்டுப்போய், புல்லும் உண்ணிச்செடியுமாகக் கிடக்கிறதா? கீழ்ப்பழனியில் அப்படி எத்தனையோ தோட்டம். உரிமையாளரிடம் போனில் பேசுங்கள். புல்லை இலவசமாக அறுத்துக்கொள்கிறோம் என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்து நாலு தோட்டக்காரர்கள் சேர்ந்து எல்லாருடைய கீழ் எல்லையையும் ஒரே கோடாகச் சுரண்டினால் கூலி பாதியாகும். கோடு முழுக்கப் பட்டாவுக்குள் இருக்கட்டும். காப்புக்காட்டு எல்லைக்குள் ஒரு செடியை வெட்டினாலும் வழக்குதான். அந்தப் பக்கத்து வேலைக்கு வனக்காப்பாளரிடம் சொல்லுங்கள், அவர் எண்ணும் கைபேசியில் இருக்கட்டும்.

மேல் எல்லையில் கவனிக்க வேண்டியது உருண்டு வருவது. எரிகிற கட்டை கோட்டைத் தாண்டி உருண்டு தோட்டத்துக்குள் விழும். அதைப் பிடிக்கச் சரிவுக்குக் குறுக்கே ஒரு முழ ஆழத்தில் வாய்க்கால் மாதிரி வெட்டி, மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போடுங்கள். மழைக்காலத்தில் அது மண் அரிப்பையும் தடுக்கும். பட்டு நிற்கும் சில்வர் ஓக் இருந்தால் அதன் உச்சியிலிருந்து பொறி பறக்கும். வெட்டத்தான் வேண்டும், ஆனால் 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி சொந்தப் பட்டாவிலும் அனுமதி வேண்டும். இப்போதே மனு கொடுங்கள்.

மூங்கில் உரசித் தீப்பிடித்தது என்று ஊரில் சொல்வார்கள். நான் நம்புவதில்லை. புதுப்புல் வரட்டும் என்று மேய்ப்பவர் வைப்பது, சாலையோரம் சமைத்துச் சாப்பிட்டுப் போகிறவர் விட்டுப் போவது, கவாத்துக் குச்சியைத் தோட்டக்காரரே கொளுத்துவது, இவைதான் நம் மலைத் தீ. போன வருஷம் உங்கள் பக்கம் வந்தது எது என்று விசாரித்தீர்களா? நீங்களும் சித்திரை மழை வரும்வரை குப்பையைக் கொளுத்தாதீர்கள்.

இன்னும் சில. மலைவாழை பச்சைதானே என்று நம்பாதீர்கள், தண்டில் தொங்கும் சருகு தீயை உச்சிக்கு ஏற்றிவிடும். தையிலேயே உரித்துவிடுங்கள். ஓடையிலிருந்து வரும் கறுப்புக் குழாய் தரைமேல் கிடந்தால் தீயில் முதலில் போவது அதுதான், தண்ணீர் தேவைப்படும் நேரத்தில் தண்ணீர் இருக்காது. கீழ் எல்லையைத் தாண்டும் இடத்திலாவது அரை அடி புதையுங்கள். எருமேட்டில் பொறி விழுந்தால் நாள்கணக்கில் உள்ளே கனியும், மாட்டுக் கொட்டகையை ஒட்டி வைக்காதீர்கள். பங்குனி முடியும்வரை மாட்டைச் சங்கிலியில் கட்டாதீர்கள். ஒரே இழுப்பில் அவிழும் கயிறு போதும். தீ பெரிதாகிவிட்டால் செடியை விட்டுவிடுங்கள். மேட்டை நோக்கி ஓடாமல் பக்கவாட்டில், உழுத நிலத்துக்கோ ஏற்கெனவே எரிந்து அணைந்த தரைக்கோ போங்கள். வருகிற தீயைத் தடுக்க அதற்கு எதிரே நாமே தீ வைக்கிற எதிர்த்தீ வேலை பழகியவர்களுக்கு மட்டும்.

சரி, கருகிய காப்பி. இத்தனை மாதம் கழித்தும் மொட்டையாக நிற்பதை நகத்தால் கீறிப் பாருங்கள். பட்டைக்கு அடியில் பச்சை இல்லையென்றால் அது செத்த செடி, டானிக்கால் எழாது. பிடுங்கி அடுப்புக்குக் கொண்டு போங்கள், ஓரத்தில் குவிக்காதீர்கள். துளிர்த்ததில் திடமான ஒன்றோ இரண்டோ துளிரை விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். பட்ட தண்டைத் துளிருக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள். மயில்துத்தம் ஒரு கிலோ, நீற்றுச் சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 10 லிட்டர். நிழல் போன இடத்தில் அராபிகாவுக்குத் தீயைவிடப் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான். வெயில் படும் தண்டைத் தேடித்தான் வண்டு முட்டை வைக்கும். சித்திரைக்கு முன் தண்டு முழுக்கப் பத்து சதவீதச் சுண்ணாம்புக் கரைசல் பூசுங்கள், மழை பிடித்ததும் கல்யாண முருங்கைப் போத்து நடுங்கள். மீண்டும் சில்வர் ஓக்கையே வரிசையாக வைக்க வேண்டாம், பலாவும் அத்தியும் கலக்கட்டும். சந்தேகமான தண்டு இருந்தால் வெட்டி எடுத்துக்கொண்டு தாண்டிக்குடி காப்பி ஆராய்ச்சி நிலையத்தில் காட்டுங்கள், உங்களுக்குப் பக்கம்தான்.

டானிக் பாட்டிலை இன்னும் திறக்கவில்லையென்றால் பில்லோடு திருப்பிக் கொடுங்கள். வாங்க மறுத்தால் அடுத்த தடவை வேறு கடைக்குப் போங்கள்.